கயிறு கட்டிய மூன்றாம் நாள்

என் அண்ணன் கயிற்றை மீறிக் குடித்துவிட்டார் என்று முதலில் சொன்னவள் நான். அம்மா அதைச் சொல்லவில்லை. கயிறு கட்டிய பூசாரி சொல்லவில்லை. எங்கள் வாசலில் கூடி நின்ற அக்கம்பக்கத்தாரும் அதுவரை சொல்லவில்லை. எல்லோர் மனத்திலும் சந்தேகம் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அதை ஒரு வாக்கியமாக முடித்துக் கொடுத்தவள், வீட்டில் மிகக் குறைவாகப் பேசுகிற நான். குறைவாகப் பேசுகிறவள் என்பதாலேயே என் வாக்கியத்தை எல்லோரும் நம்பினார்கள்.

அப்போது நான் விழுப்புரத்தில் விடுதியில் தங்கித் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையை ஒட்டியது. அப்பா இல்லை. அம்மா மரவள்ளியும் கொஞ்சம் நெல்லும் பயிரிட்டாள். என்னைவிட ஏழு வயது மூத்த அண்ணன் கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். வெள்ளிமலைவரை பஸ் போகும். அங்கிருந்து இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி என்பதால் அவரும் அங்கேயே தங்கிவிட்டு மாதம் ஒரு முறை இறங்கி வருவார்.

மலையில் வேலம்பட்டையும் வெல்லமும் ஊறவைத்துக் காய்ச்சுவது ஒரு ரகசியமே இல்லை. அண்ணன் முதலில் சம்பள நாளில் குடித்தார். பிறகு சனி, ஞாயிறுகளில். இரண்டு வருடத்துக்குள் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே குடிக்கிற நிலைக்கு வந்துவிட்டார். குடி மட்டும்தான் பிரச்சினை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களை அவர் பிரிக்காமலேயே டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்ததை ஒரு விடுமுறையில் நான் பார்த்தேன். ஏன் என்று கேட்டபோது, “பிரிக்கணும்னு எடுத்தா கை வர மாட்டேங்குது பாப்பா. ஸ்கூல் பெல் அடிச்சாகூட வயித்துல கல்லு வுழற மாதிரி இருக்குது,” என்றார். அது குடிக்கு முன்னால் தொடங்கியதா, பின்னால் தொடங்கியதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: “அத கொஞ்சம் கம்மி பண்ணிக்கோ அண்ணா, எல்லாம் சரியாயிடும்.”

எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த ஊரறிந்த வழி ஒன்று உண்டு. குடிக்கிறவரைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். அவர் ஈரத்துணியோடு நின்று, இத்தனை நாள் தொடமாட்டேன் என்று சூடத்தின் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். பூசாரி மஞ்சள் கயிற்றை எலுமிச்சம்பழச் சாற்றில் நனைத்து வலது மணிக்கட்டில் கட்டுவார். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் கை கால் இழுத்துக்கொள்ளும், புத்தி பேதலிக்கும் என்பது நம்பிக்கை. பயத்தாலேயே நிறுத்தியவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருந்தார்கள். அண்ணனை யாரும் வற்புறுத்தவில்லை. அந்த மாதம் அவர் வந்தபோது, “எனக்கே வேணும்மா. ஒரு மண்டலத்துக்குக் கட்டிடு,” என்று அவராகவே கேட்டார். ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள்.

வெள்ளிக்கிழமை காலை கட்டினோம்.

எங்கள் சமூகத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலை மறியல் நடந்த வாரம் அது. வியாழக்கிழமையே ஊர் முனையில் இரண்டு புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. கல்லூரியை மூடிவிட்டதால் நான் அதற்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தேன். அண்ணனும் மலைக்குத் திரும்ப முடியாமல் தங்கினார். ஆண்கள் மரத்தடியிலேயே பெரிய அண்டாவில் சோறு பொங்கிச் சாப்பிட்டார்கள். அம்மாவுக்குத் தம்பி முறையான மாமா ஒருவரும் அங்கே இருந்தார். நான் குடத்தோடு அந்தப் பக்கம் போனால், “உனக்காவத்தான் பாப்பா ரோட்டுல குந்திக்கினு இருக்கறோம். நீ படிச்சுட்டு கலெக்டராயி எங்க மேலயே கேஸ் போடாத,” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அங்கே சாராயமும் இருந்தது. அது எனக்குத் தெரியும் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும், ஏனென்றால் என் தீர்ப்பு அதிலிருந்துதான் பிறந்தது.

சனிக்கிழமை காலையில் அண்ணனுக்குக் கை நடுங்கியது. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். மதியம் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. சட்டை முழுக்க வியர்வை. மாலையில் அவர் எழுந்து சாலைப் பக்கம் போவதை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நான் பார்த்தேன். வெட்டிய மரத்தருகே நின்று யாரிடமோ பேசினார். அவர்கள் சிரித்தார்கள். சற்று நேரத்தில் திரும்பி வந்தார்.

“எங்க அண்ணா போன?”

“சும்மா.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பாயில் உட்கார்ந்து இல்லாத எறும்புகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்து, “நாளைக்கு அனுப்பிடறேன் சார்,” என்று தலைமையாசிரியரிடம் பேசினார். சுவரில் காலண்டர் மட்டும்தான் இருந்தது. அம்மா அழுத சத்தத்தில் தெரு கூடிவிட்டது. பூசாரியை அழைத்து வந்தார்கள். அவர் அண்ணனின் கண் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, “கயித்துக்கு விரோதமா எதனா நடந்துதா?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் சுவரிலிருந்து திரும்பினார். அந்தக் கணத்தில் அவருக்கு முழு நினைவு இருந்தது. “இல்லீங்க. சொட்டுகூட இல்ல,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “சத்தியமா குடிக்கல பாப்பா,” என்றார். அத்தனை பேர் இருந்தும் என்னைத்தான் பார்த்துச் சொன்னார்.

நான் கேட்டேன்: “நேத்து சாயந்திரம் ரோட்டாண்ட எதுக்குப் போன?”

“கேக்கப் போனேன்.”

“இன்னா கேக்க?”

அவருடைய தாடை நடுங்கியது. சொல் வரவில்லை. பிரதிகளில் முரண்பாடு தேடப் பயிற்சி பெற்றவள் நான். அந்த மௌனத்தை ஒப்புதல் என்று படித்தேன். நேற்று ‘சும்மா’ என்றார், இன்று ‘கேட்கப் போனேன்’ என்கிறார், எதைக் கேட்க என்று சொல்ல முடியவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. பூசாரியின் பக்கம் திரும்பி, “ரோட்டாண்ட போய்க் குடிச்சிட்டு வந்திருக்குதுங்க. நான் பாத்தேன்,” என்றேன்.

நான் பார்த்தது அவர் நின்றதை. குடித்ததை அல்ல. ‘நான் பாத்தேன்’ என்ற இரண்டு சொற்களை நானாகச் சேர்த்தேன். அவர் பொய் சொல்கிறார் என்று உண்மையாகவே நம்பினேன். நம்பியதற்குச் சாட்சி குறைவாக இருந்தது. குறைந்த இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.

வாசலில் ஒரு பெருமூச்சுப் போல எதுவோ பரவியது. “பாப்பாவே சொல்லுதே,” என்றாள் எதிர்வீட்டுச் சித்தி. அண்ணன் பாயில் சரிந்தார். உடம்பு விறைத்தது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை வந்தது. கயிற்றை மீறினால் எது நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்களோ அது அப்படியே எங்கள் கண் முன்னால் நடந்தது. இனி யாருக்கும் ஐயம் இருக்க முடியாது.

பரிகாரத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பூசாரி சொல்லத் தொடங்கினார். அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை இழுத்தது. அதற்குப் பிறகுதான் நான் வண்டி கேட்டு ஓடினேன். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில் நான் அங்கேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

டயர் மாட்டு வண்டியில் அண்ணனைக் கிடத்தி மரம்வரை கொண்டு போனோம். அதற்கு மேல் வண்டி போகாது. வழியிலேயே ஒருவர், “தண்ணி போட்டவனுக்கெல்லாம் மரத்த நவுத்த சொன்னா கேப்பாங்களா?” என்று சொல்லியிருந்தார். அதனால் நான் அண்ணனின் வலது காலில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டினேன். மாமாவும் மற்றவர்களும் எழுந்து வந்து என்ன என்று கேட்டதும், “பாம்பு,” என்றேன். ஒரு சொல். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. கயிற்றுக் கட்டில் வந்தது. ஆறு பேர் அண்ணனைத் தூக்கி, கிளைகளுக்கு மேலாகக் கைமாற்றி, அந்தப் பக்கம் இறக்கினார்கள். மாமா கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஊர் மறியலையும் அவர்களே பேசிக் கடந்து, அங்கே வேறு வண்டி பிடித்துக் கொடுத்தார்கள். உண்மை சொன்னவரை நம்பாத ஊர், நான் சொன்ன பொய்க்கு ஆறு தோள் கொடுத்தது.

வண்டியில் மாமாவும் எங்களோடு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் அம்மாவிடம் சொன்னார்: “நேத்து வந்து கேட்டுச்சுக்கா. கை ரொம்ப உதறுது மாமா, எதுனா வண்டில கள்ளக்குறிச்சி டாக்டராண்ட உட முடியுமான்னு. நாங்கதான், கயிறு கட்டிக்கினவனுக்கு டாக்டர் எதுக்குடா, அம்மன் பாத்துக்குவான்னு சிரிச்சு அனுப்பிட்டோம். ஒரு வாய் ஊத்திக்கிறியான்னுகூட ஒருத்தன் வம்புக்குக் கேட்டான். வேணாம்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருந்துச்சு.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் துண்டு கட்டிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் துண்டை அவிழ்த்து இரண்டு காலையும் தேடிவிட்டு, “எங்கம்மா கடிச்சுது?” என்றார்.

“கடிக்கலீங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வரிசையாகச் சொன்னேன்: எத்தனை வருடமாகக் குடி, எப்போது நிறுத்தினார், எந்த நாள் நடுக்கம், எந்த நாள் எறும்பு. அவர் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தினாரா?”

“இல்லீங்க. கயிறு கட்டி ஒரே நாள்ல.”

அவர் ஊசிக்கு எழுதிக்கொண்டே சொன்னார்: “தினமும் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும். இது குடிச்சதால வரலம்மா. குடிக்காததால வந்தது.”

நர்ஸ் சலைன் ஏற்றுவதற்காக வலது மணிக்கட்டில் இருந்த கயிற்றைக் கத்தரியால் வெட்டினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. டாக்டர் சொன்ன வாக்கியத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அதில் பிழை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அண்ணனுக்கு நினைவு முழுமையாகத் திரும்பச் செவ்வாய்க்கிழமை ஆயிற்று. அம்மாவிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு கட்டில் கால்மாட்டில் நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

“பாத்தேன்னு சொன்னியே. இன்னா பாத்த?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார். நான் அவர் கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவர் காத்திருந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர், இதோடு முடிந்துவிடாது, மனநல மருத்துவர் ஒருவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார். குடியையும் அதற்கு அடியில் இருப்பதையும் சேர்த்துப் பார்க்கிறவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவரும் இங்கே இல்லை, விசாரியுங்கள் என்றார். அந்த விசாரணையை நான் ஏற்றுக்கொண்டேன். அண்ணன்மீது அன்பு என்று ஊரில் சொன்னார்கள். அன்பும் இருந்தது. ஆனால் என்னை நடக்கவைத்தது அது அல்ல.

மனநல மருத்துவரை விசாரிப்பது எங்கள் பகுதியில் எளிய காரியம் இல்லை. ‘பைத்தியத்துக்குப் பாக்கறவரு’ என்றுதான் கேட்க வேண்டும், கேட்டவுடன் யாருக்கு என்று திரும்பக் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று நான் சொல்லிப் பழகிக்கொண்டேன். முதலில் கிடைத்தவர் உளுந்தூர்பேட்டையில் ஒரு லாட்ஜின் மாடி அறையில் மாதம் இரண்டு நாள் உட்காருகிறவர். போகலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார். அந்த வாக்கியம் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. கிளம்பினோம்.

கீழே லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. அவர் அண்ணனின் நாடியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லீங்க.”

“அதான்.”

பிறகு ஒரு சூரணப் பொட்டலத்தை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார். “இத சாம்பார்ல கலந்துடணும். பையனுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா மருந்து வேலை செய்யாது.”

அண்ணன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். “அப்ப நான் வெளிய போய் நின்னுக்கறேன். நீங்க மொதல்லேருந்து சொல்லுங்க,” என்று எழுந்து போனார். அம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. படிக்கட்டில் நின்றிருந்த அண்ணனும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கல்லூரி திறந்ததும் என் வகுப்பில் திருக்கோவிலூர்ப் பெண் ஒருத்தியிடம் கேட்டேன். கிறிஸ்தவக் குடும்பம், அப்பா பள்ளி எழுத்தர். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று நான் தொடங்கியதுமே அவள், “எங்கம்மாவே போய்ப் பாத்துக்கறாங்கடி. சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு டாக்டரம்மா வராங்க, மெடிக்கல் பின்னாடி ரூம்ல. தூக்கமே இல்லாம அழுதுகினு இருந்தாங்க, இப்ப பரவால்ல,” என்றாள். நடுவகுப்பில், குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். எனக்கு முகம் சூடாகியது. அவளுக்காக அல்ல.

“எனக்கு அண்ணன்,” என்றேன்.

“தெரியும். பக்கத்து வூட்டுக்காரருக்கு யாரு இவ்ளோ மெனக்கெடுவாங்க?”

அந்தச் சனிக்கிழமை நான் நான்கு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். அண்ணனின் நோய் வரலாறு, தேதி வாரியாக, பத்தி பிரித்து. டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். தாளை வாங்கிப் படிக்காமல் மேசை மேல் வைத்து, அதன் மேல் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்தார். அண்ணனிடம், “இவங்க ரெண்டு பேரும் இருக்கலாமா?” என்று கேட்டார்.

“அம்மா இருக்கட்டுங்க. அது வெளிய இருக்கட்டும்.”

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு மெல்லிய பலகைக் கதவு. குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. அண்ணன் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. இடையில் ஒரு முறை அழுதது போல் இருந்தது. அவருக்கு மலையில் என்ன நேர்ந்தது, மணி அடித்தால் ஏன் வயிற்றில் கல் விழுந்தது என்பதெல்லாம் அந்த அறையில் சொல்லப்பட்டது. எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கும் உரிமையை நானே தொலைத்தேன்.

கடைசியில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். நோயாளியின் வீட்டாரிடம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கும் முன்பே நான் சொன்னேன். குடிக்கவில்லை என்று அண்ணன் சொன்னதை, நான் பார்த்ததாகச் சொன்னதை, பார்க்காததை. என் ஜாக்கிரதையான வாக்கியங்கள் எல்லாம் அங்கே உடைந்துபோயின.

“இத எங்கிட்ட சொல்றீங்க. அவருகிட்ட சொன்னீங்களா?”

“இல்லீங்க.”

“ம்,” என்றார். அடுத்தவரை அனுப்பச் சொன்னார்.

திருக்கோவிலூர் பஸ் நிலையத்தில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அம்மா பூ வாங்கப் போயிருந்தாள். நெரிசலில் நின்றுகொண்டுதான் சொன்னேன். தனியிடம் தேடினால் மறுபடியும் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

“நான் பாக்கல அண்ணா. நீ நின்னத மட்டும்தான் பாத்தேன்.”

“தெரியும்.”

“தப்புப் பண்ணிட்டேன்.”

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? குடிச்சனா இல்லியான்னு எனக்குத் தெரியாதா? ஊர்லதான சொன்ன. ஊர்ல சொல்லு.”

நான் சொன்னேன். மறுநாளே எதிர்வீட்டுச் சித்தியிடம் தொடங்கினேன். அண்ணன் குடிக்கவே இல்லை, நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன், குடியைத் திடீரென்று நிறுத்தியதால்தான் வலிப்பு வந்தது என்றேன். அவள் என் கன்னத்தை வழித்தாள். “அண்ணன் மேல எவ்ளோ பாசம் பாரு. இல்லாட்டி இப்பிடி மாத்திப் பேசுமா?” என்றாள். பூசாரியிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அவன் உத்தியோகத்துக்காவ சொல்ற. நல்லதுதான். ஆனா கை கால் இழுத்துக்கினத நாங்க எல்லாருமே பாத்தமே,” என்றார். கயிறு கட்டிக் குடியை நிறுத்திய அந்த நான்கு பேர் வீட்டுக்கும் போனேன். உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், நம்பவில்லை. மாமா மட்டும் நம்பினார், அவருக்கு முன்பே தெரிந்திருந்ததால். ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதைத் திரும்பப் பெற ஒரு வாரம் கல்லூரிக்குப் போகாமல் வீடு வீடாகப் போயும் முடியவில்லை. என் முதல் சொல் சாட்சி ஆயிற்று, இரண்டாம் சொல் பாசம் ஆயிற்று.

முடியவில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் “சரி” என்றார். அதற்கு என்ன பொருள் என்று நான் ஆராயவில்லை.

மாதக் கடைசியில் மறுபடி திருக்கோவிலூர் போனபோது டாக்டர் ஒரு மாத்திரையைப் பற்றிச் சொன்னார். அதைச் சாப்பிட்டிருக்கும்போது குடித்தால் உடம்பு தாங்காது. அதனால் அவருக்குத் தெரிந்தே, அவர் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும். தினமும் காலையில் நம்பிக்கையான ஒருவர் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடுவது நல்லது. “யாருகிட்ட குடுக்கலாம்?” என்று கேட்டார். இந்த முறை அறைக்குள் இருக்க எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. என் கை மேசையை நோக்கிப் பாதி நீண்டுவிட்டது.

“ஸ்கூல்ல சமையல் பண்றவருங்க,” என்றார் அண்ணன். “நான் அங்கதான இருக்கப் போறேன். அவரு நான் சொன்னா நம்புவாரு.”

நான் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

விடுப்பு முடிந்து அவர் மலைக்குப் போனார். மாதம் ஒரு சனிக்கிழமை இறங்கி வந்து டாக்டரைப் பார்த்தார், தனியாகவே. மார்கழி விடுமுறையில் அம்மா கொடுத்த பலகாரத்தோடு நான் மலைக்குப் போனேன். வெள்ளிமலையில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்து, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். சமையல்காரர் குள்ளமான மனிதர், காதில் கடுக்கன். அண்ணனின் தங்கை என்றதும் என்னைச் சமையல்கட்டுக்கே அழைத்துப் போனார்.

“எம் மச்சானே காச்சுறவன்தாம்மா,” என்றார் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே. “வாத்தியாருக்கு ஊத்தினா, எந்தங்கச்சிய உன் வூட்டுல வெக்க மாட்டேன்னு சொல்லிப்புட்டேன். அது சந்தோசமா கெளம்பிடுச்சு பொட்டி கட்டிக்கிட்டு. அதுலதான் பயந்துட்டான்.”

அண்ணன் உள்ளே வந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. கை நடுங்கவில்லை. சமையல்காரர் உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார், தன் பொறுப்பை ஒப்படைத்துக் காட்டுகிறவர் போல. அண்ணன் அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

“எண்ணிப் பாக்கறியா?”

“வேணாம் அண்ணா,” என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் என் கண் எண்ணிவிட்டது. காலியான குழிகள் பதினொன்று. அவர் கடைசியாக மருந்து வாங்கிய சனிக்கிழமையிலிருந்து பதினொரு நாள். கணக்கு ஒத்துப்போனதில் எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டேன். ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

“எண்ணிட்டேன்,” என்றேன்.

“எத்தன?”

“பதினொன்னு.”

“சரியா இருக்குதா?”

“இருக்குது.”

அவர் அட்டையைச் சமையல்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். கோபமா, இல்லையா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க நான் முயலவில்லை. வெளியே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். “இதுக்கும் சேத்துப் போடுங்க. பஸ்ஸுல காலைலேருந்து பட்டினியா வந்திருக்கும்,” என்று அவரிடம் சொல்லிவிட்டு, வரிசையைச் சரிசெய்ய வெளியே போனார்.